வாட்ச் செயினில் கண்ணி எடுப்பது அஞ்சு நிமிஷ வேலையா?

ஜூன் 3, மாலை 6.10 (கேள்வி)

புது வாட்ச், ஸ்டீல் செயின். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எலும்பைத் தாண்டிப் புறங்கைக்கு இறங்கிவிடுகிறது. மூன்று கண்ணி எடுத்தால் சரியாகும் என்று நினைக்கிறேன். பின் தள்ளும் டூல் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். செயினின் உள்பக்கம் அம்புக்குறி இருக்கிறது. அந்தத் திசையில் தள்ளினால் பின் வந்துவிடும், கண்ணியை எடுத்துவிட்டு மறுபடி பின்னைப் போட்டுவிடலாம். அஞ்சு நிமிஷ வேலை. இதற்குப் போய் எதற்குக் கடை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.30

வீட்டிலேயே செய்யலாம் என்பதில் உங்கள் கட்சிதான். அஞ்சு நிமிஷம் என்பதில் இல்லை. பின்னை எடுப்பதை விளக்கமாகச் சொல்லிவிட்டு, "மறுபடி போட்டுவிடலாம்" என்று கடைசியில் வால் போல ஒட்டியிருக்கிறீர்கள் பாருங்கள், வேலையே அந்த வாலில்தான் இருக்கிறது. கையிலிருந்து கழன்று விழுந்த செயின்கள் என்று என்னிடம் வந்தவை எல்லாமே ஒழுங்காகக் கழற்றப்பட்டு, ஒழுங்கில்லாமல் மாட்டப்பட்டவை.

டூலைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் செயினில் இருப்பது எந்த வகைப் பின் என்று பாருங்கள். பொதுவாக மூன்று வகை.

ஒன்று, பிளவுப் பின். ஒரு நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தப் பிளவு ஸ்பிரிங் மாதிரி விரிந்து துளைச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு, பின்னும் குழாயும். பின் வெறும் கம்பி. அதைக் கவ்விப் பிடிப்பது கண்ணிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு துளியூண்டு உலோகக் குழாய். சீக்கோ, சிட்டிசன் வாட்ச்களில் இது நிறைய வரும்.

மூன்று, ஸ்க்ரூ. ரோலெக்ஸ், டியூடர் மாதிரி விலை கூடியவற்றில் மட்டும் என்று நினைக்க வேண்டாம், இப்போது நடுத்தர விலை வாட்ச்களிலும் வந்துவிட்டது.

அம்புக்குறி இருப்பதாகச் சொல்கிறீர்கள், அதனால் ஸ்க்ரூ இல்லை. முதல் இரண்டில் ஒன்று. எது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 3, இரவு 9.50

பக்கவாட்டில் ஒரு கோடு தெரிகிறது, அப்படியானால் ஸ்க்ரூதானே என்று இன்னொருவர் கேட்கிறார். இந்த இடத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். பிளவுப் பின்னின் பிளவும் வெளியிலிருந்து பார்த்தால் ஸ்க்ரூவின் வெட்டு மாதிரியேதான் தெரியும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். பிளவுப் பின் என்றால் கோடு மெல்லியதாக, வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை ஓடும். அதே கண்ணியின் மறுபக்கம் பார்த்தால் மொழுமொழுவென்று வெறும் பின் முனை இருக்கும். ஸ்க்ரூவின் தலை துளைக்குள் சற்று அகலமாக உட்கார்ந்திருக்கும், வெட்டும் ஆழமாக இருக்கும். உள்பக்கம் அம்புக்குறியும் இருந்தால் பேச்சுக்கே இடமில்லை, அது பின்.

இரண்டு பக்கமும் வெட்டு இருந்தால் அது இருதலை ஸ்க்ரூ. ஒரு பக்கத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தைத் திருப்ப வேண்டும். ஒன்றை வைத்துத் திருப்பினால் இரண்டும் சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும், நீங்களும்தான்.

ஜூன் 4, காலை 7.15

வேலைக்கு உட்காரும் இடம். வெள்ளைத் துண்டு விரித்த மேசை, நல்ல வெளிச்சம். தரையில் உட்கார வேண்டாம், கம்பளம் பக்கமே போக வேண்டாம். குழாய் விழுந்தால் சத்தமே கேட்காது.

ஜூன் 4, இரவு 8.40

கேள்வி கேட்டவர் படம் அனுப்பியிருக்கிறார். முனையில் பிளவு இல்லை, இரண்டு பக்கமும் மொட்டையாக இருக்கிறது. பின்னும் குழாயுமாகத்தான் இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அம்புத் திசையில் தள்ளுங்கள். பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே எட்டிப் பார்த்ததும் டூலை நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சின்னக் குறடால் நேராக இழுங்கள். பின் போன பிறகு கண்ணிகளை மெதுவாகப் பிரியுங்கள். பிரிக்கும் நொடியில்தான் குழாய் விழும். பெரும்பாலும் நடுத்துண்டின் துளையில் இருக்கும், சிலவற்றில் ஓரத்துண்டில் இருக்கும். சில சமயம் விழாமல் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சில சமயம் பின்னோடு சேர்ந்தே வெளியே வரும். மூன்று இடத்திலும் தேடாமல் "என் செயினில் குழாய் இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், நீளம் இரண்டு மூன்று மில்லிமீட்டர், பின்னை விடக் கொஞ்சமே தடிப்பு. துண்டின் மேல் கிடந்தால் நூல் பிசிறு என்று நினைத்து ஊதிவிடத் தோன்றும். ஊதாதீர்கள்.

திருப்பிப் போடும்போது: குழாய் எந்தத் துளையில், எந்தப் பக்கத்தில் இருந்ததோ அதே இடத்தில் வையுங்கள். இடுக்கி நுனியால் தூக்கி வைத்துவிட்டு, கண்ணியைச் சாய்க்காமல் பக்கத்துக் கண்ணியோடு சேருங்கள். பின்னை அம்புக்கு எதிர்த்திசையில், அதாவது அது வெளியே வந்த பக்கத்திலிருந்தே, உள்ளே விடுங்கள். பாதி வரை கையாலேயே போகும். குழாயைத் தொட்டதும் நின்றுவிடும். அங்கிருந்து சின்னச் சுத்தியலால் லேசான தட்டுகள். கடைசியில் இரண்டு பக்கமும் பின் முனை கண்ணியின் விளிம்புக்குச் சற்று உள்ளேயே இருக்க வேண்டும். விரல் நுனியால் தடவினால் ஒன்றும் தட்டுப்படக் கூடாது.

பின் முழுவதும் கையாலேயே சுலபமாகப் போய்விட்டதா? சந்தோஷப்படாதீர்கள். குழாய் உள்ளே இல்லை.

ஜூன் 4, இரவு 9.05

இதைச் சொல்லாமல் விட்டால் குழாய்க்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று தோன்றும். என் மைத்துனர் ஒரு கடையில் கொடுத்துக் கண்ணி எடுத்தார். கச்சிதமாக இருந்தது. சில வாரம் கழித்து மாடிப்படி இறங்கும்போது வாட்ச் கையை விட்டுப் போய்விட்டது. படியில் விழுந்து கண்ணாடி ஓரம் சில்லு போனது. செயினை என்னிடம் கொண்டுவந்தார். கண்ணி எடுத்த இரண்டு இடங்களில் ஒன்றில் குழாய் இருந்தது, மற்றதில் இல்லை. பின் மட்டும் துளையில் சும்மா படுத்துக்கிடந்து, கை ஆட ஆட ஓரமாக நகர்ந்து வந்திருக்கிறது. குழாய் இல்லாத பின்னும் முதல் நாள் பிடித்துக்கொண்டதாகத்தான் தெரியும். அதுதான் இதில் உள்ள வில்லங்கம்.

சோதிக்க ஒரு வழி: பின்னைப் போட்டு முடித்த பிறகு, ஒரு குண்டூசி நுனியால் பின்னின் முனையை அம்புத் திசையில் நன்றாக அழுத்துங்கள். துளிகூட நகரக் கூடாது. எடுத்த ஒவ்வொரு இடத்திலும் செய்யுங்கள்.

ஜூன் 5, மதியம் 1.20

பிளவுப் பின் உள்ளவர்களுக்கும் திசை முக்கியம்தான். அம்புத் திசையில் தள்ளும்போது பிளந்த நுனி முதலில் வெளியே வரும். போடும்போது பிளவில்லாத முனை முதலில் உள்ளே, பிளந்த நுனி கடைசியில். தலைகீழாகத் தட்டினால் பிளவு துளை வாயில் மாட்டி நசுங்கும்.

பழைய பிளவுப் பின் தளர்ந்துபோயிருந்தால் பிளவுக்குள் பிளேடு நுனியை விட்டு ஒரு மயிரிழை அகலப்படுத்தினால் பிடிப்பு திரும்பும். ஒரே பின்னை அடிக்கடி இப்படிச் செய்யாதீர்கள், உடைந்துபோகும். புதுப் பின் போடுவது மேல். போடும்போது நீளமும் தடிமனும் பழையதோடு ஒத்துப்போக வேண்டும்.

ஜூன் 5, இரவு 10.00

எத்தனை கண்ணி? "மூன்று எடுத்தால் சரியாகும்" என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பெரும்பாலானவர்கள் கண்ணால் பார்த்துச் சொல்கிறார்கள்.

நான் செய்வது இது. பூட்டின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும், ஸ்பிரிங் பாரை (செயினைப் பூட்டோடு பிணைக்கும், முனைகள் உள்ளே அமுங்கும் சின்னக் கம்பி) மாற்றி மாற்றிப் போட. முதலில் அந்த ஸ்பிரிங் பாரை நடுத் துளைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அப்புறம் வாட்ச்சைக் கட்டி, மணிக்கட்டின் அடியில் தொங்கும் தளர்வை இரு பக்கமும் சமமாகச் சேர்த்துக் கிள்ளிப் பிடியுங்கள். கிள்ளலுக்குள் அகப்பட்ட கண்ணிகளை எண்ணுங்கள். அதுதான் எடுக்க வேண்டியது.

நடுத் துளை எதற்கு என்றால், ஒரு முழுக் கண்ணி செயினுக்குச் செயின் வேறுபட்டாலும் ஏறத்தாழ 7 முதல் 10 மி.மீ. வரை இருக்கும். பூட்டின் துளைகளுக்கு இடையே சில மில்லிமீட்டர்தான். நடுவில் இருந்தால் பிறகு இறுக்கவும் இடம் உண்டு, தளர்த்தவும் இடம் உண்டு. வாட்ச் பெட்டியிலிருந்து வரும்போது ஸ்பிரிங் பார் ஏதோ ஓர் ஓரத்தில் இருக்கலாம். அதைப் பார்க்காமல் கண்ணியை எடுத்துவிட்டு "ஒரு கண்ணி வைத்தால் தொளதொள, எடுத்தால் இறுக்கம்" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

இரு பக்கமும் சமமாக எடுங்கள். ஒற்றைப்படை என்றால் கூடுதல் கண்ணியை 6 மணிப் பக்கம் எடுங்கள்.

ஜூன் 6, காலை 6.50

"இரு பக்கமும் சமமாக" என்றதைப் பற்றி மறுபடி யோசித்தேன். அது ஆரம்பிக்க ஒரு வழி, அவ்வளவுதான். இலக்கு எண்ணிக்கை இல்லை. பூட்டு மணிக்கட்டின் அடியில் நட்டநடுவே உட்கார வேண்டும், டயல் மேலே நடுவில் நிற்க வேண்டும். மடிப்புப் பூட்டு சமச்சீரானது இல்லை, மடியும் தகடுகள் ஒரு பக்கத்தை நீளமாக்கிவிடும். அதனால் பல செயின்களில் 6 மணிப் பக்கம் 12 மணிப் பக்கத்தை விட ஒரு கண்ணி குறைவாக இருந்தால்தான் பூட்டு நடுவுக்கு வரும். கையில் கட்டிப் பார்த்து, பூட்டு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து, ஒதுங்கிய பக்கம் சேருங்கள். எண்ணிக்கையை மறந்துவிடுங்கள்.

ஜூன் 6, காலை 7.05

வாட்ச்சை ஒட்டிய முதல் சில கண்ணிகள் கழற்ற வராது. அம்புக்குறி இல்லாத கண்ணியில் சுத்தியலை ஓங்க வேண்டாம்.

ஜூன் 6, இரவு 9.25

இறுக்கம் பற்றி. சுண்டுவிரல் ஒன்று பூட்டுக்கடியில் நுழைய வேண்டும் என்பது எல்லோரும் சொல்வது. தொடக்கத்துக்கு அது போதும். ஆனால் கனமான டைவர் வாட்ச்சுக்கு அந்தத் தளர்வு அதிகம். டயல் உள்ள தலைப்பகுதியின் கனத்தால் கை அசையும்போதெல்லாம் ஒரு பக்கம் உருண்டுவிடும். மெலிந்த சின்ன வாட்ச் அதே தளர்வில் சும்மா நிற்கும்.

அளவு பார்க்கும் நேரம் இன்னும் முக்கியம். மணிக்கட்டு நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வெயிலில், நடந்துவிட்டு வந்த பிறகு, மாலையில் கொஞ்சம் உப்பும். குளிரில் சுருங்கும். காலையில் எழுந்த கையோடு கச்சிதமாக வைத்தால் சாயங்காலம் தோலில் கண்ணிகளின் அச்சு விழும். மாலையில் அளவெடுங்கள், அப்புறம் ஒரு நாள் கட்டிவிட்டு பூட்டுத் துளையை மாற்றுங்கள்.

இந்தச் சில மில்லிமீட்டர் தொல்லைக்காகவே விலை கூடிய வாட்ச்களில் பூட்டுக்குள்ளேயே வசதி வைக்கிறார்கள். ரோலெக்ஸின் ஈஸிலிங்க் 5 மி.மீ. நீளும். அவர்களுடைய கிளைடுலாக் 2 மி.மீ. படிகளாக நகரும். டியூடரின் டி-ஃபிட்டில் மொத்தம் 8 மி.மீ., ஐந்து நிலை. கார்ட்டியர் 2018-இல் சாண்டோஸில் கொண்டுவந்தது இன்னும் ஒரு படி மேலே: கண்ணியின் அடியில் ஒரு பொத்தான், அழுத்தினால் பின் வெளியே வரும், டூலே வேண்டாம். அந்தச் செயினின் மேல்பக்கத்தில் தெரியும் ஸ்க்ரூக்கள் அழகுக்கு. அவற்றைத் திருப்பிக் கண்ணியைக் கழற்றலாம் என்று இறங்கிவிடாதீர்கள்.

ஜூன் 7, காலை 8.00

டூலின் ஊசி வளைந்துவிட்டது என்று கேள்வி கேட்டவர் எழுதுகிறார். வரவேற்கிறோம். டூலோடு கூடுதல் ஊசிகள் கொடுப்பதே அதற்குத்தான்.

ஜூன் 7, காலை 8.30

சரி, கேலி போதும். ஊசி வளைய மூன்று காரணம் உண்டு. துளைக்கு நேராக உட்காராமல் கண்ணியின் உலோகத்தில் முட்டியிருக்கும். அல்லது திசை தவறியிருக்கும். அல்லது தள்ளுவது பின்னே இல்லை, ஸ்க்ரூ. பிளாஸ்டிக் டூலில் முதலாவதுதான் அடிக்கடி நடக்கும். பிடியை இறுக்க இறுக்க டூலின் உடம்பே நெளியும், ஊசி அரை மில்லிமீட்டர் விலகிவிடும். ஊசி முனை துளைக்குள் இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு, கால் திருகு திருகி, மறுபடி பாருங்கள்.

அப்படியும் அசையவில்லை என்றால் அந்த டூலை ஓரமாக வைத்துவிடுங்கள். செயினை நிறுத்தி வைக்கும் பிளவுக் கட்டை, ஒரு குட்டைப் பஞ்ச் (பின்னைத் தட்டித் தள்ளும் கம்பி), சின்னச் சுத்தியல். குட்டை என்பது முக்கியம். பின்னை முதலில் அசைக்கக் குட்டையான தடித்த முனை, அசைந்த பிறகு வெளியே தள்ள நீளமான மெல்லிய முனை. ஒரே முனையால் இரண்டையும் செய்ய நினைத்தால் நீளமானது வளையும். பின் தடிமனை விடச் சற்று மெல்லிய முனை வேண்டும். 0.8, 1 மி.மீ. இரண்டும் இருந்தால் பெரும்பாலான செயினுக்கு ஆகும்.

பழைய செயின் என்றால் துளைக்குள் வியர்வை உப்பும் அழுக்கும் சேர்ந்து இறுகியிருக்கும். வாட்ச் தலையிலிருந்து செயினை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேயுங்கள். அப்புறம் துளைகளில் ஒரு சொட்டு துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். பொறுமை இல்லாதவர்கள்தான் பெரிய சுத்தியல் தேடுகிறார்கள்.

ஜூன் 7, இரவு 7.45

ஸ்க்ரூச் செயின் வைத்திருப்பவர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார், "ஸ்க்ரூ என்றால் திருப்பினால் வந்துவிடும், இதில் என்ன இருக்கிறது" என்று. ஸ்க்ரூவின் மரையில் பசை இருக்கிறது ஐயா. ஆலையிலேயே ஸ்க்ரூப் பூட்டுப் பசை போட்டு அனுப்புகிறார்கள். வெறும் பலத்தில் திருப்பினால் வெட்டு கிழியும், பிறகு ஸ்க்ரூடிரைவருக்குப் பிடிக்க இடமே இருக்காது. செயினைத் தலையிலிருந்து பிரித்து (இதை அழுத்திச் சொல்கிறேன், வாட்ச்சின் நீர்த்தடுப்பு வளையங்களுக்குச் சூடு ஆகாது) ஹேர் டிரையரில் நன்றாகச் சூடாக்கி, சூடு ஆறும் முன் திருப்புங்கள். ஸ்க்ரூடிரைவர் வெட்டை முழு அகலத்துக்கும் நிரப்ப வேண்டும், இரு பக்கமும் காற்று தெரிந்தால் அது அளவு இல்லை.

திருப்பிப் போடும்போது பழைய பசையைச் சுரண்டிவிட்டு, லாக்டைட் 222, ஊதா நிறம், ஊசி முனையில் எடுத்த அளவு, மரையில் மட்டும். நீலம் 243 பிடிக்கும், ஆனால் இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடி. சிவப்பு வேண்டவே வேண்டாம். மறுநாள் வரை காயவிட்டுக் கட்டுங்கள். பசையே போடாமல் இறுக்கினால் போதாதா என்றால், போதாது. கை அசைவில் ஸ்க்ரூ தானாகவே தளர்ந்து வரும்.

ஜூன் 8, மதியம் 2.10

கண்ணியே எடுக்க வேண்டாத செயின்களும் உண்டு. மெல்லிய கம்பி வலை மாதிரியான மிலனீஸ் செயினில் பூட்டை நகர்த்தினால் போதும். பழைய வெள்ளி நிறக் கேசியோ ஏ158 மாதிரி உள்ளவற்றில் பூட்டின் அடியில் இருக்கும் தகட்டுக் கதவைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் தூக்கி, வேண்டிய இடத்துக்கு நகர்த்தி, மறுபடி அழுத்தினால் முடிந்தது. இதுதான் அஞ்சு நிமிஷ வேலை. அஞ்சுகூட ஆகாது.

பட்டாம்பூச்சிப் பூட்டு இதற்கு நேர் எதிர். நடுவில் இரண்டு சிறகு மடியும், பக்கத்தில் துளைகளே கிடையாது. அளவு கண்ணிகளால் மட்டுமே. செயினோடு அரைக் கண்ணி வந்திருந்தால் அதை வைத்துச் சமாளிக்கலாம். இல்லை என்றால் கொஞ்சம் தளர்வான பக்கம் விட்டுவிடுங்கள், இறுக்கமான பக்கம் வேண்டாம்.

ஜூன் 8, இரவு 9.15

"பத்து வருஷச் செயின், இழுத்து இழுத்து நீண்டுவிட்டது, ஒரு கண்ணி எடுக்கலாமா?" என்று ஒரு கேள்வி. எஃகு நீளவில்லை. பின்களும் பின் துளைகளும் தேய்ந்திருக்கின்றன. தூசியும் மணலும் வியர்வையில் குழைந்து, ஒவ்வொரு அசைவிலும் அரம் மாதிரி தேய்க்கும். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை ஆட்டம், எல்லாம் சேர்ந்து அரைக் கண்ணி நீளம். செயினைப் படுக்கைவாட்டில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் வளைந்து தொங்கும் அளவிலேயே தெரிந்துவிடும்.

கண்ணி எடுத்தால் கையில் பொருந்தும், தேய்மானம் தொடரும். தேய்ந்த இடத்தில் பின் பிடிப்பதும் குறையும். அதனால் இதில் நான் கண்ணியை எடுப்பதற்கு முன் எல்லாப் பின்னையும் அழுத்திப் பார்ப்பேன். மாதம் ஒரு தடவை சோப்புத் தண்ணீரில் கழுவினால் இந்த நிலை வருவதற்கே ரொம்ப நாள் ஆகும்.

டைட்டேனியம் என்றால் கூடுதல் கவனம். எஃகை விட எளிதில் கீறல் விழும். கண்ணியின் ஓரங்களில் மறைப்பு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஜூன் 9, காலை 7.30

எடுத்த கண்ணிகளைப் பின், குழாயோடு சேர்த்து ஒரு சின்ன ஜிப் உறையில் போட்டு, வாட்ச் பெயரை எழுதி வையுங்கள். உடம்பு ஏறும். விற்கவும் தோன்றும், வாங்குபவர் கை உங்கள் கை அளவிலா இருக்கப்போகிறது?

ஜூன் 9, இரவு 10.20

கேள்வி கேட்டவர் முடித்துவிட்டார். அவர் சொன்ன மூன்று இல்லை, இரண்டே கண்ணி. பூட்டுத் துளையை நடுவுக்குக் கொண்டுவந்ததில் மூன்றாவது தேவைப்படவில்லை. குழாய்கள் எல்லாம் பத்திரம், ஒன்று மட்டும் சட்டைக் கைமடிப்பில் கிடைத்ததாம். அஞ்சு நிமிஷம் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார்: பூட்டின் ஸ்பிரிங் பார் ஒரு பக்கம் துளையில் உட்கார்ந்தது தெரிகிறது, மறுபக்கம் தெரியவில்லை, கட்டலாமா? கட்டாதீர்கள். இரண்டு முனையும் துளையில் விழும்போது தனித்தனியாக ஒரு "டிக்" கேட்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு துளையிலும் பாரின் நுனி ஒரே ஆழத்தில் தெரிய வேண்டும். ஒரு பக்கம் இருட்டாக இருந்தால் நுனி உள்சுவரில் சாய்ந்து நிற்கிறது என்று அர்த்தம். டூல் முனையால் அந்த நுனியைக் கொஞ்சம் உள்ளே அழுத்தி, துளைக்கு நேராக நகர்த்தி விடுங்கள். அப்புறம் பூட்டை ஒரு கையிலும் செயினை மறு கையிலும் பிடித்து, மெத்தைக்கு மேலே வைத்து, பலமாக இழுத்துப் பாருங்கள்.